அபினிக்கு உரிமம் கொடுத்தவர்கள்: கங்கைக் கரைப் பயணக் குறிப்புகள்

திங்கள், கொல்கத்தா

பழைய டல்ஹௌசி சதுக்கத்தில் லால் திகி குளத்தின் வடபுறம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ரைட்டர்ஸ் கட்டடம் நிற்கிறது. அதன் சிவப்புச் செங்கல் முகப்பைப் படமெடுக்க வருகிறவர்கள் பலர். பிரிட்டிஷ் இந்திய அரசு தன் கையால் விளைவித்து, தன் ஆலையில் பக்குவப்படுத்தி, தன் முத்திரையிட்ட பெட்டிகளில் அடைத்து ஏலம் விட்ட ஒரு சரக்கின் கணக்கு வழக்குகள் இந்தச் சதுக்கத்தைச் சுற்றியிருந்த அலுவலகங்களில்தான் எழுதப்பட்டன என்பதை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்தச் சரக்கு அபினி. அபினியைப் பற்றிய சட்டங்கள் பிறந்த இடங்களையும், அந்தச் சட்டங்கள் யார் மேல் இறங்கினவோ அவர்கள் வாழ்ந்த இடங்களையும் ஒரே வீச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

1757-இல் பிளாசி, 1764-இல் பக்ஸர் என்று இரண்டு போர்களில் வங்காளமும் பீகாரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்த பிறகு, பாட்னாவிலிருந்த கம்பெனி ஊழியர்கள் அபினி வியாபாரத்தைத் தங்கள் சொந்த ஆதாயத்துக்காக நடத்திக்கொண்டிருந்தார்கள். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதைக் கம்பெனியின் ஏகபோகமாக மாற்றினார். முதலில் ஒப்பந்தக்காரர்களிடம் குத்தகைக்கு விடப்பட்டது. 1797-இல் அந்த முறையும் கைவிடப்பட்டு, பாட்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட பீகார் ஏஜென்சி, காஜிப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பனாரஸ் ஏஜென்சி என்ற இரு பிரிவுகளின் வழியே கம்பெனியே நேரடியாக உற்பத்தியில் இறங்கியது.

விற்பனை மட்டும் இங்கே, கொல்கத்தாவில் நடந்தது. சீனாவில் அபினி விற்பதையும் அதைப் புகைக்கும் கூடங்கள் நடத்துவதையும் 1729-லேயே பேரரசர் யோங்செங் தடை செய்திருந்தார். தேயிலைக்காக அதே சீனாவின் தயவை நம்பியிருந்த கம்பெனி, தன் கப்பலில் அபினியை ஏற்றிக்கொண்டு போய்க் காண்டன் துறைமுகத்தில் இறக்க முடியாது. ஆகவே கொல்கத்தாவில் பொது ஏலம் போட்டுத் தனியார் வணிகர்களுக்கு விற்றுவிட்டு, ஏலக்காரரின் சுத்தியல் விழுந்த கணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன என்பது தனக்குத் தெரியாது என்ற நிலையை எடுத்தது. பெட்டிகள் ஹூக்ளி வழியே இறங்கி எங்கே போயின என்பது ஊருக்கே தெரியும். சட்டத்தின் பார்வையில் மட்டும் அது மறைந்திருந்தது. 1839 ஜூன் மாதம் காண்டனுக்கு அருகிலுள்ள ஹூமனில் சீன அரசின் ஆணையர் லின் செஷூ அழித்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனவை. அந்தச் செயலுக்குப் பிரிட்டன் போரால் பதில் சொன்னபோதுதான், அந்தப் பெட்டிகளின் பின்னால் யார் நின்றார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லாமல் போயிற்று.

1819-இல் இங்கே ஏற்படுத்தப்பட்ட வாரியத்தின் பெயர் சுங்கம், உப்பு, அபினி வாரியம். உடல்நலம் பற்றிய கவலை எதுவும் அந்தப் பெயரில் இல்லை. அபினி உப்போடு சேர்த்து வைக்கப்பட்ட ஒரு வருவாய்ப் பொருள். சட்டத்தைப் படிக்கும்போது இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்குகிறது.

செவ்வாய், கொல்கத்தா

அலிப்பூரில் பெல்வெடர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தில் இன்றைய பகல் முழுவதும் கழிந்தது. படிக்க விரும்பியது 1893-இல் அமைக்கப்பட்ட அபினி பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை. ஏழு தொகுதிகள். ஒரு நாளில் படித்து முடிக்கக்கூடியதல்ல என்பதால், சாட்சியங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புரட்டினேன்.

ஆணையம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் மிஷனரிமார்களும் நடத்திய எதிர்ப்பு இயக்கம் 1891-இல் நாடாளுமன்ற மக்களவையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றும் அளவுக்கு வலுப்பெற்றிருந்தது. இந்திய அரசின் வருவாயில் அபினி கணிசமான பங்கு கொடுத்துவந்த காலம் அது. வருமானத்தையும் விட மனமில்லை, வாக்காளர்களின் மனச்சாட்சியையும் புறக்கணிக்க முடியவில்லை என்ற நிலையில் அரசுகள் செய்வதைத்தான் அப்போதைய பிரிட்டிஷ் அரசும் செய்தது: ஓர் ஆணையத்தை அமைத்தது. பிராஸி பிரபு தலைவர். உறுப்பினர்கள் ஒன்பது பேரில் இந்தியர் இருவர்: தர்பங்கா மகாராஜா லட்சுமேஷ்வர் சிங், ஜுனாகத் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய்.

எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, 1895-இல் ஆணையம் சொன்ன முடிவு, இந்தியாவில் அபினிப் பழக்கம் மிதமானது, மருந்தாகவும் சடங்குகளிலும் மக்கள் பயன்படுத்துகிறார்கள், முழுத் தடைக்குத் தேவையும் இல்லை, மக்கள் ஆதரவும் இல்லை என்பது. ஹென்றி வில்சன் என்ற ஒரே உறுப்பினர் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். சாட்சிகளைத் தேர்ந்தெடுத்ததிலும் விசாரணையை ஏற்பாடு செய்ததிலும் அபினியை விற்கும் அரசின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பது அவருடைய முக்கியமான குறை. எனக்கு அந்தக் குறை நியாயமாகவே படுகிறது. ஆனால் ஆணையத்தின் சாட்சியத் தொகுதிகளை வெறும் சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. குழந்தையின் வயிற்றுப்போக்குக்கும் முதியவரின் மூட்டுவலிக்கும் ஒரு கடுகளவு அபினியைத் தவிர வேறு மருந்து எட்டாத கிராமங்களைப் பற்றி அதில் வருகிற சாட்சியங்கள் பொய்யல்ல. அரசு அந்த உண்மையைத் தன் கல்லாவுக்குக் காவலாக நிறுத்திக்கொண்டது என்பதுதான் விஷயம்.

மதியத்துக்குமேல் அஸ்ஸாம் பற்றித் தேடினேன். தடை என்ற சொல் காலனிய அரசின் கையில் என்ன பொருள் கொண்டது என்பதற்கு அஸ்ஸாமைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அங்கே விவசாயிகள் தங்கள் தோட்டத்திலேயே கசகசாச் செடி வளர்த்து அபினி எடுத்துவந்தார்கள். 1860-இல் அந்தச் சாகுபடியை அரசு தடை செய்தது. அபினி உண்பதை மட்டும் தடை செய்யவில்லை. வீட்டுக்கொல்லையில் கிடைத்த பொருளை இனி அரசின் உரிமம் பெற்ற கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதே தடையின் நடைமுறை விளைவு. வெற்றிலை, பாக்குக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்ள, 1861 அக்டோபரில் நவ்காங் மாவட்டத்தின் புலகுரியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். லெப்டினன்ட் சிங்கர் என்ற அதிகாரி கொல்லப்பட்டார், பதிலுக்குத் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் பலர் மாண்டார்கள். போதைப்பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள நடந்த கலகம் என்று இதை எழுதிவைத்த அதிகாரிகள் உண்டு. என் பார்வையில் அது வரி எதிர்ப்பு.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே அஸ்ஸாமில் அபினிக்கு எதிராக ஒத்துழையாமை இயக்கத்தினர் வீடுவீடாகப் போய்ப் பிரசாரம் செய்தார்கள், விற்பனை குறைந்தது. காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 1925-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்குக் காந்தியின் ஆங்கிலேய நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸின் துணை இருந்தது. பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஆறு சேர் (ஒரு சேர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு) அபினி இருந்தால் மருத்துவத் தேவைக்குப் போதும் என்று உலக நாடுகள் சங்கம் வகுத்திருந்த அளவை அஸ்ஸாம் மிகப்பெரிய வித்தியாசத்தில் தாண்டியிருந்தது. அரச ஆணையம் மிதமானது என்று சொன்ன பழக்கத்துக்கு முதன்முறையாக ஒரு வெளி அளவுகோல் கிடைத்தது.

புதன், பாட்னா

இரவு ரயிலில் வந்து காலையில் இறங்கினேன். பாட்னாவின் கிழக்கே, கங்கையை ஒட்டி இருக்கிறது குல்ஸார்பாக். பீகார் ஏஜென்சியின் அபினி ஆலை இங்கேதான் இயங்கியது. 1911 வாக்கில் ஆலை மூடப்பட்ட பிறகு அந்த வளாகம் அரசு அச்சகத்துக்குப் போனது. அபினி அடைந்திருந்த சுவர்களுக்குள் பிறகு அரசாணைகளும் விண்ணப்பப் படிவங்களும் அச்சாகியிருக்கின்றன. இரண்டுமே அரசுச் சரக்குதான்.

ஆலையின் உட்புறம் எப்படி இருந்தது என்பதை, 1850-ஐ ஒட்டி வால்டர் ஷெர்வில் என்ற படை அதிகாரி வரைந்து வெளிவந்த கல்லச்சுப் படங்களிலிருந்து அறியலாம். பரிசோதனைக் கூடம், கலக்கும் கூடம், உருண்டை பிடிக்கும் கூடம், உலர்த்தும் கூடம், அடுக்கும் கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் உண்டு. அடுக்கும் கூடத்தின் படம் மறக்க முடியாதது. தரையிலிருந்து கூரைவரை எழும்பிய மரத்தட்டுகளில் பீரங்கிக் குண்டுகளைப்போல் ஆயிரமாயிரம் அபினி உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்க, சிறுவர்கள் அந்த மரச்சட்டங்களில் தொற்றி ஏறி ஒவ்வோர் உருண்டையையும் புரட்டிவிட்டுப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அபினியின் சட்டத்தைப் புரிந்துகொள்ள, இந்த ஆலையிலிருந்து இரண்டு வகைச் சரக்கு வெளியேறியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுமதிக்கானது உருண்டை. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. உதிர்ந்த கசகசாப் பூவிதழ்களைச் சூடேற்றி அடை போலத் தட்டி, அவற்றை அபினிக் கரைசலால் ஒட்டி மேலோடாகச் சுற்றுவார்கள். ஒரு பெட்டிக்கு நாற்பது உருண்டைகள். உள்நாட்டு விற்பனைக்கானது ஆப்காரி அபினி, அதாவது கலால் அபினி. வெயிலில் நன்கு உலர்த்தி நீரை வெளியேற்றி, ஒரு சேர் எடையுள்ள சதுரக் கட்டிகளாக அழுத்தி, எண்ணெய் தடவிய நேபாளக் காகிதத்தில் பொதிந்து, மாவட்டக் கருவூலங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கிருந்து உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்கிப்போய்ச் சில்லறையில் விற்பார். கருவூலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அபினி ரூபாய் நாணயங்களோடு அதே பூட்டுக்குள் இருந்தது.

1878-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமான அபினிச் சட்டம் இந்தக் கட்டியைக் காக்கவே எழுதப்பட்டது. அதன் நான்காவது பிரிவு, கசகசா பயிரிடுதல், அபினி தயாரித்தல், வைத்திருத்தல், கொண்டுபோதல், இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை ஆகிய அனைத்தையும் இந்தச் சட்டமோ இதன் கீழ்ச் செய்யப்படும் விதிகளோ அனுமதித்தாலொழியத் தடை செய்கிறது. முதல் வாசிப்பில் இது ஒரு மதுவிலக்குச் சட்டம்போலத் தோன்றும். ஐந்தாவது பிரிவில் அந்த விதிகளைச் செய்யும் அதிகாரம் மாகாண அரசுகளுக்குத் தரப்படும்போதுதான், முன்னதில் பூட்டப்பட்ட கதவுக்குச் சாவி யாரிடம் என்பது தெரியவரும். மீறுகிறவருக்கு ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கைப்பற்ற உதவியவர்களுக்கு வெகுமதி கொடுப்பதற்கும் விதி செய்யலாம்.

இவற்றையெல்லாம்விடப் பத்தாவது பிரிவுதான் என்னை நிறுத்தியது. குற்றம் சாட்டப்பட்டவர் தன்னிடமிருந்த அபினிக்குத் திருப்திகரமாகக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, அது குற்றத்துக்குரிய அபினி என்றே அனுமானிக்கப்படும். குற்றத்தை நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவருடையது என்ற பொது நெறியை, ஆங்கிலேயர் தங்கள் நீதிமுறையின் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒன்றை, கலால் வருமானத்துக்காக ஒரே வாக்கியத்தில் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். தட்டிலிருந்து உருண்டையைப் புரட்டுகிற சிறுவனுக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

வியாழன், காஜிப்பூர் வழியில்

பாட்னாவிலிருந்து பக்ஸர் வரை ரயில், அங்கிருந்து கங்கையைக் கடந்து சாலைவழி. இருபுறமும் கோதுமை, கடுகு, பயறு. ஒரு காலத்தில் இந்தச் சமவெளியின் நல்ல நிலங்களில், கிணற்றுப் பாசனமும் எருவும் கிடைக்கிற ஊர் ஓரத்துத் துண்டுகளில், கசகசாச் செடி நின்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் அரசுக்காக அதைப் பயிரிட்டன.

வழிப்பயணத்தில் பார்க்க வேறு எதுவும் இல்லாததால், மேற்கிந்தியாவின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். மால்வாவில் விளைந்த அபினி சுதேச மன்னர்களின் நிலத்தில் விளைந்தது. கம்பெனியின் சட்டம் அங்கே செல்லாது. ஆகவே பம்பாய்த் துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் கடவுச்சீட்டுக் கட்டணம் வசூலித்தார்கள். கட்டணம் உயர்ந்தால் வணிகர்கள் கராச்சிக்கும் போர்த்துகீசியரின் டாமனுக்கும் சரக்கைத் திருப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தவரை, அது அடக்கமாக இருந்தது. 1843-இல் சிந்துவைப் பிரிட்டிஷார் கைப்பற்றியதும் கராச்சி வழி அடைபட்டது. 125 ரூபாயாக இருந்த கட்டணம் நான்கைந்து ஆண்டுகளில் 400 ரூபாய் ஆயிற்று. பீகாரில் விவசாயிமேல் செய்ததை மால்வாவில் வணிகர்மேல் செய்தார்கள். வருவாய் ஒன்றுதான், வழிமட்டும் வேறு.

வெள்ளி, காஜிப்பூர்

1820-இல் நிறுவப்பட்ட அபினி ஆலை இன்றும் இயங்குகிறது. அரசு அபினி மற்றும் ஆல்கலாய்டு ஆலை என்பது இப்போதைய பெயர். கங்கைக் கரையில் உயர்ந்த மதில், ஆயுதமேந்திய காவல், மதிலின்மேல் குரங்குகள். பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. ஆற்றுப்பக்கமாகப் படகில் போய் வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். ஆலைக் கழிவு கலந்த நீரைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிற குரங்குகளைப் பற்றி இந்த ஊரில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. படகுக்காரரிடம் மூன்று இருந்தன.

"உள்ளே வேலை பார்த்தவர்களை வெளியே வரும்போது குளிப்பாட்டித்தான் அனுப்புவார்கள் என்று தாத்தா சொல்வார், பாயி சாகப்" என்றார் அவர். உடம்பில் ஒட்டிய அபினிகூட அரசின் சொத்து என்ற எண்ணம் ஊர்ப்பேச்சில் அப்படித் தங்கியிருக்கிறது.

விவசாயியைப் பிடித்து நிறுத்திய சட்டம் 1857-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம். சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து இந்தப் பகுதியே கொந்தளித்துக் கொண்டிருந்த அதே ஆண்டில், 1816-ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதிகளை ஒன்றுதிரட்டித் திருத்தி அது நிறைவேற்றப்பட்டது. அதன்படி, எவரும் பயிரிடக் கட்டாயமில்லை. உரிமம் பெற்று முன்பணம் வாங்கியவர் மட்டும் கட்டுப்பட்டவர். ஆனால் முன்பணம் வாங்கிவிட்டு ஒப்புக்கொண்ட பரப்பு முழுவதிலும் பயிரிடாமல் விட்டால், விட்ட நிலத்துக்கு வாங்கிய முன்பணத்தைப்போல் மூன்று மடங்கு தண்டம். விளைந்தது அனைத்தையும் அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். உரிமமில்லாமல் எங்காவது கசகசா முளைத்திருந்தால் உடனே தகவல் கொடுக்க வேண்டிய கடமை நிலத்தின் உடைமையாளர்மேலும் அவருடைய காரியஸ்தர்மேலும் சுமத்தப்பட்டது. முன்பணம் எப்போது கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கட்டாயமில்லை என்ற வாசகத்தின் எடை தெரியும். நிலவரித் தவணை நெருங்கும் வேளையில் கையில் விழுகிற ரொக்கம் அது. வரியையும் அரசே கேட்கிறது, அதைக் கட்டக் கடனையும் அரசே கொடுக்கிறது.

கணக்கு எளிது. 1880-களில் சேருக்கு 5 ரூபாய் விவசாயிக்குக் கிடைத்தது. ஒரு பெட்டியில் சுமார் 63 கிலோ, அதாவது ஏறக்குறைய 68 சேர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெட்டி நிறைய விளைவித்தவர்களுக்குக் கிடைத்தது 340 ரூபாய்தான். கொல்கத்தா ஏலத்தில் அதே பெட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டி விலைபோனது. அந்த 5 ரூபாயும் முழுதாகக் கைக்கு வந்ததா என்பது வேறு. குழுவின் தலைவரான லம்பர்தாருக்கும், எடை போடும் இடத்தில் இருந்த குமாஸ்தாவுக்கும், தரம் பார்க்கிறவருக்கும் கொடுக்க வேண்டியவை அதிலிருந்துதான் போயின.

ஊரின் மேற்கோரத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் சமாதி இருக்கிறது. இரண்டாம் முறை தலைமை ஆளுநராக வந்தவர், 1805 அக்டோபரில் இங்கே வந்த இடத்தில் இறந்துபோனார். வட்டமான கல் மண்டபம், சுற்றிலும் நல்ல புல்வெளி. 1793-இல் ஜமீன்தார்களுக்கு நிலவரியை என்றென்றைக்குமாக நிர்ணயித்த மனிதர், நிலத்திலிருந்து உயர்த்தி எடுக்க முடியாத வருவாயை அவருக்குப் பின்வந்தவர்கள் பெருக்கிக்கொண்ட ஆலைக்கு இவ்வளவு அருகில் கிடப்பது தற்செயல்தான். ஆனால் கிழக்கிந்தியாவின் நிதிநிலையைப் பாடமாக நடத்துகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் ஒரே மாலையில் காட்டலாம்.

சனி, ரயிலில்

வாரணாசி வழியே லக்னோவுக்குப் பயணம். வெளியே வெயில், கையில் குறிப்பேடு. ஏகபோகம் எப்படித் தளர்ந்தது என்பதை எழுத இதுவே நேரம்.

1906 மே 30 அன்று, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான அபினி வாணிகம் ஒழுக்க அடிப்படையில் நியாயப்படுத்த முடியாதது என்று பிரிட்டிஷ் மக்களவை எதிர்ப்பின்றித் தீர்மானித்தது. 1907-இல் சீனாவோடு உடன்பாடு ஏற்பட்டது: சீனா தன் சொந்தச் சாகுபடியைக் குறைத்தால், இந்தியா 1908 முதல் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக ஏற்றுமதியைக் குறைத்துப் பத்தாண்டில் நிறுத்தும். சீனா எவரும் எதிர்பாராத வேகத்தில் குறைத்தது, 1913-லேயே அந்த ஏற்றுமதி நின்றது. 1909-இல் ஷாங்காயில் கூடிய ஆணையம், 1912 ஜனவரியில் ஹேக் உடன்படிக்கை, முதல் உலகப்போருக்குப்பின் வெர்சாய் உடன்படிக்கையில் ஹேக் விதிகளைச் சேர்த்தது, 1925 பிப்ரவரியில் ஜெனீவா உடன்படிக்கை என்று அடுத்தடுத்து வந்தவை அபினியை இரு நாட்டு வணிகத் தகராறிலிருந்து உலகச் சட்டத்துக்கு நகர்த்தின.

இந்திய அரசின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் சொன்னது 1895-இல் ஆணையம் சொன்னதேதான்: எங்கள் மக்கள் அபினியைப் புகைப்பதில்லை, உண்கிறார்கள், அது உள்நாட்டு விஷயம். மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமே அபினி என்று வலியுறுத்திய அமெரிக்கக் குழு பாதியில் வெளியேறியது. ஆனால் மறு ஆண்டே, மருத்துவம் அல்லாத தேவைகளுக்கான ஏற்றுமதியை ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் குறைத்து 1935-க்குள் முடித்துக்கொள்வதாக இந்திய அரசு அறிவித்தது. கொல்கத்தா ஏலமும் 1926-இல் நின்றது. நூறாண்டுக்கு மேல் வாங்கியவர் யார் என்று கேட்காமல் விற்ற அரசு, அதன்பின் பிற நாட்டு அரசுகளுக்கு நேரடியாக மட்டுமே விற்றது.

இதற்கிடையில் போர் ஆலையை மாற்றியிருந்தது. முதல் உலகப்போரில் துருக்கி எதிரணியில் சேர்ந்ததும் பிரிட்டனுக்கு மார்ஃபின் தயாரிக்க அபினி வரும் வழி அடைபட்டது. மார்ஃபின் குறைவாக உள்ளது என்று மருந்துத் தொழிலினர் அதுவரை ஒதுக்கிவைத்திருந்த இந்திய அபினிக்கு மருத்துவச் சரக்கு என்ற மரியாதை அப்போதுதான் வந்தது.

ஜெனீவா உடன்படிக்கையை நிறைவேற்ற இந்தியாவில் இயற்றப்பட்டது 1930-ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம். அபினியோடு கோக்கா இலை, கஞ்சா, மார்ஃபின், ஹெராயின், கோக்கைன் போன்ற தயாரிக்கப்பட்ட மருந்துகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் வந்தன. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நினைவில் நிற்பது வேறொரு காரணத்துக்காக. ஏப்ரல் முடிவில் வேதாரண்யத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறினார்கள். சுங்கம், உப்பு, அபினி என்று ஒரே பலகையில் எழுதியிருந்த மூன்றில் ஒன்றை எதிர்த்து மக்கள் சிறை போன அதே ஆண்டில், இன்னொன்று வருவாய்ச் சட்டத்திலிருந்து குற்றவியல் சட்டமாக உருமாறத் தொடங்கியது. கணக்குச் சொல்ல முடியாதவர் குற்றவாளி என்ற அனுமானமும் புதிய சட்டத்துக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது.

ஞாயிறு, பாரபங்கி

லக்னோவிலிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் பாரபங்கி மாவட்டம். அபினிக்காக உரிமம் பெற்றுக் கசகசா பயிரிடும் நிலம் உத்தரப் பிரதேசத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிற பகுதிகளில் ஒன்று. மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் இப்போது முன்னணியில் உள்ளன. அபினிப் பாலைக் கட்டியாக எடுத்துச் சட்டப்படி ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா. பூக்கள் உதிர்ந்து காய்கள் பருத்து நின்ற ஒரு வயலின் ஓரத்தில், உரிமக்காரரான முதியவரோடு பேச வாய்த்தது. மொழிபெயர்த்துச் சொல்ல லக்னோ நண்பர் உடன் வந்திருந்தார்.

பிற்பகலில் நஷ்தர் என்ற பல அலகுக் கீறியால் காயைக் கீறுவார்கள். இரவெல்லாம் கசிந்து உறையும் பாலை மறுநாள் விடியலில், வெயில் ஏறுமுன் வழித்தெடுப்பார்கள். இந்த முறையில் நூற்றைம்பது ஆண்டுகளாக மாற்றம் ஏதும் இல்லை. அன்றன்றைக்கு எடுத்த எடையை லம்பர்தாரிடம் பதிய வேண்டும். லம்பர்தார் என்ற பதவியும் அப்படியே இருக்கிறது. ஏப்ரலில் மத்தியப் போதைப்பொருள் பணியகத்தின் அதிகாரிகள் எடைமையம் வைத்து மொத்தத்தையும் வாங்கிக்கொள்வார்கள். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பணியகமும் காஜிப்பூர் ஆலையும் சுகாதார அமைச்சகத்தின்கீழ் வரவில்லை. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையின்கீழ் இருக்கின்றன.

"உங்களுக்கு இதில் லாபம் உண்டா, பாபாஜி?" என்று கேட்டேன்.

"விதை இருக்கிறதே, கசகசா, அதைச் சந்தையில் விற்கலாம். லாபம் அதில்தான். அபினிக்குச் சர்க்கார் கொடுப்பது கூலிக்குச் சரி" என்றார். பிறகு, "ஆனால் உரிமம் போய்விடக் கூடாது. என் அப்பாவிடமிருந்து வந்தது" என்றும் சொன்னார்.

உரிமம் போவதற்குப் பல வழிகள். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ மார்ஃபின் என்று ஆண்டுதோறும் அரசு ஒரு தகுதியளவு வைக்கிறது. ஆலங்கட்டி மழையோ நோயோ வந்து அதற்குக் கீழே இறங்கினால் அடுத்த ஆண்டு உரிமம் கேள்விக்குறி. சேதம் கண்டால் கீறுவதற்கு முன்பே எழுதிக்கொடுத்து, அதிகாரிகள் முன்னிலையில் பயிரை உழுது அழித்துவிடலாம். இப்போது சில உரிமங்கள் கீறாமலே காயோடு ஒப்படைக்கும் முறைக்கு மாற்றப்பட்டுள்ளன. அதில் கையாடலுக்கு இடம் குறைவு என்பது அரசின் கணக்கு.

கையாடல் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1857, 1878, 1930 ஆகிய ஆண்டுகளின் மூன்று சட்டங்களையும் ஒருசேர நீக்கியது. பெயர்கள்தான் போயின. உரிமம், லம்பர்தார், அரசு குறித்த விலை, விளைச்சல் முழுவதையும் ஒப்படைக்கும் கடமை ஆகியவை புதிய விதிகளுக்குள் வந்துவிட்டன. 1878-இன் பத்தாவது பிரிவிலிருந்த அனுமானம் இப்போது ஐம்பத்து நான்காவது பிரிவில் இருக்கிறது. அன்று அந்த அனுமானத்தின் முடிவில் காத்திருந்தது ஓராண்டுச் சிறை. இன்று இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்ட அபினியென்றால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபது ஆண்டு, அதனோடு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சிறு தண்டனைக்காக, ஒரு கலால் வழக்குக்காக வளைக்கப்பட்ட சாட்சிய நெறி, தண்டனை இருபது மடங்கு கனத்த பிறகும் நிமிர்த்தப்படவில்லை.

உரிமம் பெற்ற விவசாயிக்கென்றே பத்தொன்பதாவது பிரிவு தனியாக இருக்கிறது. தன் வயலில் தானே எடுத்த பாலில் ஒரு பகுதியை ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டால், எவ்வளவு என்ற அளவுக் கணக்கே கிடையாது, அவருக்கும் பத்திலிருந்து இருபது ஆண்டுகள். பிரிவின் எண் அந்த முதியவருக்குத் தெரியவில்லை, ஆண்டுகளின் எண்ணிக்கை தெரிந்திருந்தது. பதிவேட்டில் எழுதிய எடைக்கும் எடைமையத்தில் விழும் எடைக்கும் இடையே, ஈரம் வற்றுவதால் ஏற்படும் வித்தியாசத்தைக்கூட யார் நம்புவார்கள் என்று அவர் நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.